வீசம் இரத்தமும் விரல் ரேகையும்

(ஏலப்பாறையில் தோட்டத் தொழிலாளரும் ஆசிரியர்களும் இளைஞர்களும் கூடிய இலக்கியக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், டாசன்ஸ் லேண்டிங் என்றொரு கற்பனைச் சிற்றூர். 1830ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளன்று அவ்வூரில் ஒரே வீட்டில் இரண்டு ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. ஒன்று வீட்டு எசமானின் மகன். மற்றொன்று அவ்வீட்டு அடிமைப் பெண்ணான ராக்சியின் மகன். எசமானி ஒரு வாரத்துக்குள் இறந்துவிட, இரு குழந்தைகளையும் ராக்சியே வளர்க்கிறாள். இரண்டும் ஒரே வெளுப்பு, ஒரே முகச்சாயல். பெற்ற தகப்பனுக்கே தன் பிள்ளை எது என்று உடையைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு குழந்தைக்கு மெல்லிய மஸ்லின் சட்டையும் பவள மாலையும்; மற்றதற்கு முரட்டுத் துணி. சமூகம் அவ்விருவரிடையே எழுப்பிய மதிலின் கனம் முழுவதும் அந்தச் சட்டையின் கனந்தான்.

மார்க் ட்வைன் எழுதி 1894இல் நூலாக வெளிவந்த 'புட்டின்ஹெட் வில்சன்' நாவல் இந்தச் சட்டையை மாற்றிப் பார்க்கிறது. தமிழில் சொல்வதானால் 'களிமண் மண்டை வில்சன்'. ஊருக்குப் புதிதாய் வந்த இளம் வழக்கறிஞர் டேவிட் வில்சன், ஓயாமல் குரைக்கும் நாயொன்றைக் குறித்து, இந்த நாயில் பாதி தனக்குச் சொந்தமாக இருந்தால் தன் பாதியைக் கொன்றுவிடுவேன் என்று விளையாட்டாகச் சொல்லிவிடுகிறார். பாதி நாயைக் கொன்றால் மீதி நாய் என்னாகும் என்று ஊர்ப் பெரியவர்கள் கூடி மிகுந்த அக்கறையோடு விவாதித்து, இவருக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். அந்தப் பட்டப்பெயர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவரை விட்டு நீங்குவதில்லை. ஒரே மனித உடலில் இவ்வளவு பங்கு வெள்ளை, இவ்வளவு பங்கு கறுப்பு என்று கூறுபோட்டு, கறுப்புப் பங்கை விற்கும் சாக்கில் முழு மனிதனையும் விற்றுக்கொண்டிருந்த ஊர், பாதி நாய்க் கணக்கைக் கேட்டு முட்டாள்தனம் என்று சிரித்தது. ட்வைனின் அங்கதம் முதல் அத்தியாயத்திலேயே இப்படித்தான் பல் காட்டுகிறது.

ஆள்மாறாட்டக் கதை தமிழருக்குப் புதிதன்று. 'உத்தமபுத்திரன்', 'எங்க வீட்டுப் பிள்ளை' ஆகிய படங்களின் கதையைச் சொல்லத் தெரியாதவர் இந்த மலைத் தோட்டங்களில் ஒரு தலைமுறை முன்பு இருந்திருக்க மாட்டார். அத்தகைய கதைகளுக்கு எழுதப்படாத விதியொன்று உண்டு. இடம் மாறியவர்கள் எங்கே வளர்ந்தாலும் இரத்தம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். நல்ல குலத்தில் பிறந்தவன் குடிசையிலும் நல்லவனாகவே இருப்பான். முடிவில் அவரவர் இடம் அவரவரைச் சேரும். ட்வைனே 1881இல் எழுதிய 'இளவரசனும் ஏழையும்' ஏறக்குறைய இந்த வழியில்தான் செல்கிறது. கந்தல் உடுத்தித் தெருவில் அலைந்தாலும் இளவரசன் இளவரசனாகவே பேசுகிறான். இறுதியில் முடி சூடுகிறான். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதே கருவை மீண்டும் எடுத்தபோது அவர் அந்த ஆறுதலைத் தம் வாசகருக்குத் தரவில்லை. 1910இல் நூலான இரவீந்திரநாத் தாகூரின் 'கோரா'வும் மாறிய அடையாளத்தின் கதைதான். ஆசாரமே உயிரென வாழும் பிராமண இளைஞன், தான் 1857 கலகக் காலத்தில் அனாதையான அயர்லாந்துக் குழந்தை என்று அறிகிறான். கோராவுக்கு அந்த உண்மை விடுதலை. டாசன்ஸ் லேண்டிங்கில் உண்மை எவரையும் விடுவிக்கவில்லை.

ராக்சி ஏன் குழந்தைகளை மாற்றினாள் என்பதில்தான் நாவலின் அச்சாணி இருக்கிறது. வீட்டில் சிறு தொகை களவு போகிறது. எடுத்தவர் யாரென்று சொல்லாவிட்டால் அடிமைகள் அனைவரையும் 'ஆற்றுக்குக் கீழே' விற்றுவிடுவதாக எசமான் பெர்சி டிரிஸ்கல் மிரட்டுகிறார். மறுகணமே மூவர் முழங்காலிட்டு ஒப்புக்கொள்கிறார்கள். அவர்களைக் கீழே அனுப்பாமல் உள்ளூரிலேயே விற்பதாக அவர் 'கருணை' காட்டுகிறார். தன் பெருந்தன்மையில் தானே நெகிழ்ந்து, மகன் பிற்காலத்தில் படித்துப் பண்பு கற்றுக்கொள்ளட்டும் என்று அன்றிரவே நாட்குறிப்பில் எழுதி வைக்கிறார். இங்கே ட்வைன் ஒரு கடுஞ்சொல்லும் சொல்வதில்லை. கொடூரனான எசமானை வசைபாடுவது எளிது. அடிமை முறைக்குள் 'நல்ல' எசமான் எப்படி இருப்பான் என்று காட்டுவதே அவர் தேர்ந்துகொண்ட கடினமான வேலை.

அன்றிரவு ராக்சி உறங்கவில்லை. களவில் அவளுக்குப் பங்கில்லை. ஆனால் தன் குழந்தையும் என்றேனும் ஒருநாள் இப்படி விற்கப்படலாம் என்ற எண்ணம் அவளைப் பிடித்துக்கொள்கிறது. குழந்தையோடு ஆற்றில் விழுந்து சாகத் துணிகிறாள். சாகும்போதாவது பிள்ளை அழகாக இருக்கட்டும் என்று எசமான் குழந்தையின் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்க்கிறாள். அப்போதுதான் அவளுக்கு வெளிச்சமாகிறது: சாக வேண்டியதில்லை, சட்டையை மாற்றினால் போதும்.

மொழிபெயர்ப்பு என்னும் பொறி

இந்நாவலைத் தமிழாக்க முனையும் எவரும் முதலில் தடுக்கி விழும் இடம் 'ஆற்றுக்குக் கீழே விற்பது' என்னும் தொடர். தாமிரபரணிக் கரையிலோ காவிரிக் கரையிலோ வளர்ந்த வாசகருக்கு ஆற்றின் கீழ்ப்பகுதி என்றால் வண்டல், வயல், நெல். அமெரிக்க அடிமைக்கோ அது தென்கோடிப் பருத்தித் தோட்டமும் கரும்புத் தோட்டமும். அங்கே போனவர் திரும்பியதில்லை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அச்சம் வழியிலேயே உதிர்ந்துவிடும். தமிழகத்து உழைப்பாளியின் அனுபவத்தில் அந்தத் திசை தலைகீழ். அவரை விழுங்கியது ஆற்றின் கீழ்ப்புறமன்று, மலையின் மேற்புறம். கண்டிச் சீமை, ஆனைமலை, தேவிகுளம், பீர்மேடு. அங்கே கீழே, இங்கே மேலே. ஆனால் தாய்மார் அழுதது ஒரே அழுகைதான்.

இரண்டாவது பொறி விளிச்சொல். குழந்தைகளை மாற்றிய கணத்திலிருந்து ராக்சி தன் வயிற்றில் பிறந்தவனை எசமானாக விளித்தாக வேண்டும். நேற்றுவரை எசமானாக இருந்த குழந்தையை அதட்டிப் பழக வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு ஓரிரு சொற்களே உண்டு. தமிழிலோ ஒவ்வொரு வினைமுற்றிலும் மரியாதை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 'வாடா கண்ணு' என்றவள் விடிவதற்குள் 'வாங்க சின்ன துரை' என்று மாற வேண்டும். முதலில் அது நடிப்பு, பிறகு பழக்கம், பிறகு பழக்கமே அவளாகிவிடுகிறது. தான் உருவாக்கிய எசமானின் முன் அவள் மெய்யாகவே கூனிக் குறுகுகிறாள். அடிமைத்தனம் இலக்கணமாகவும் இயங்கும் என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய நாவல்கள் குறைவு. 'துரை', 'சின்ன துரை' என்ற சொற்களைச் சொல்லி வளர்ந்த தோட்டத்துத் தமிழருக்கு அந்தப் பக்கங்களில் அடிக்குறிப்பு எதுவும் தேவைப்படாது.

மூன்றாவது பொறி கொஞ்சம் ஆழமானது. எசமான் மகனாக வளர்ந்த ராக்சியின் பிள்ளை டாம், கோழையாகவும் சூதாடியாகவும் திருடனாகவும் ஆகிறான். ஓரிடத்தில் அவனது இழிவுக்கு அவனுள் இருக்கும் கறுப்பு இரத்தமே காரணம் என்று ராக்சியே ஏசுகிறாள். இதைக் காட்டி, ட்வைன் இனவாதத்திற்கு இடம் கொடுத்துவிட்டார் என்று சொல்லும் திறனாய்வாளர் உண்டு. மேலோட்டமாக ஒதுக்கிவிடக் கூடிய குற்றச்சாட்டன்று இது. நாவல் அவசரமாகத் திருத்தி எழுதப்பட்டது. சில இடங்களில் தையல் தெரிகிறது. ஆனால் கதை நிகழ்ச்சிகள் அந்த ஏச்சுக்கு நேர் எதிராகவே சாட்சி சொல்கின்றன. 'தூய' வெள்ளை இரத்தம் பெற்றவன் அடிமையாக வளர்ந்து அடங்கி ஒடுங்கிப்போகிறான். எசமானாக வளர்ந்தவன் எசமான் பிள்ளைகளுக்கே உரிய கெடுதலெல்லாம் கெடுகிறான். ராக்சியின் வாய் பேசுவது ராக்சியைப் பற்றி அவள் எசமானர்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான். ஒடுக்கப்பட்டோர் தம்மை ஒடுக்குவோரின் சொல்லாலேயே தம் பிள்ளைகளை ஏசுவது மிசௌரிக்கு மட்டும் உரிய வழக்கமா என்ன?

ராக்சிக்கு எவ்வளவு கறுப்பு இரத்தம்? பதினாறில் ஒரு பங்கு. பழந்தமிழ்க் கணக்கில் ஒரு வீசம். அவள் மகனுக்கு முப்பத்திரண்டில் ஒன்று, அதாவது அரைவீசம். மீதி இரத்தமெல்லாம் வெள்ளை எசமானர்கள் தந்தது. அதைத் தந்ததற்காக அவர்களுள் எவரும் வெட்கப்பட்டதாக நாவலில் இல்லை. அந்த அரைவீசம் மற்றெல்லாப் பங்கையும் வாக்கெடுப்பில் தோற்கடித்து, ஒருவனை விற்பனைச் சரக்காக்குகிறது. இது எழுத்தாளரின் மிகைக் கற்பனை என்று எண்ணியவர்க்கு, நாவல் வெளிவந்த இரண்டே ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதில் தந்தது. எட்டில் ஒரு பங்கு, அதாவது அரைக்கால் கறுப்பு இரத்தம் கொண்ட ஹோமர் பிளெஸ்ஸி, வெள்ளையருக்கு ஒதுக்கிய ரயில் பெட்டியில் அமர்ந்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கில், தனிப்பெட்டிச் சட்டம் செல்லும் என்று 1896 மே 18 அன்று அது தீர்ப்பளித்தது.

அதே 1896இன் தொடக்கத்தில் ட்வைன் இந்தியாவில் இருந்தார். கடன் சுமையைத் தீர்க்க உலகைச் சுற்றிச் சொற்பொழிவாற்றிய பயணம் அது. பம்பாய் விடுதியில் ஜெர்மானியர் ஒருவர், வேலை சரியில்லையென்று இந்தியப் பணியாளின் தாடையில் அறைந்ததை அவர் கண்டார். அறை வாங்கியவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய தம் மிசௌரி இளமையும், அங்கே அடிமைகள் அடிபட்டதும் அந்தக் கணத்தில் நினைவில் எழுந்ததாக 1897இல் வந்த பயண நூலில் அவர் எழுதினார். கடல் கடந்து வந்தும் அவர் கண்டது தாம் விட்டு வந்த ஊரைத்தான்.

விற்பதற்கு ஒரு சீட்டு

திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல் அரச விளம்பரத்தால் ஒழிக்கப்பட்டது. பீர்மேட்டு மலைகளில் ஐரோப்பியர் காப்பித் தோட்டம் போடத் தொடங்கியது 1860களில். காப்பியை நோய் தின்ற பின் தேயிலை வந்தது. இவ்விரு தேதிகளும் அருகருகே நிற்பது தற்செயலென்று கொண்டாலும், அடிமையை ஒழித்த சட்டம் கடனை ஒழிக்கவில்லை என்பது தற்செயலன்று. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் குமுளி வழியாக மலையேறிய குடும்பங்கள் கங்காணியின் முன்பணத்தைச் சுமந்துகொண்டுதான் ஏறின. பிரிட்டிஷ் இந்தியாவின் 1859ஆம் ஆண்டு ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டு ஓடினால் அதைக் குற்றமாக்கிச் சிறைக்கு வழி செய்தது. முதலாளி கூலி தராவிட்டால் அது வெறும் சிவில் வழக்கு.

இலங்கைத் தோட்டங்களில் இது இன்னும் பச்சையாக நடந்தது. 'துண்டு' என்னும் தமிழ்ச் சொல் அங்கே ஆங்கில அரசு ஆவணங்களிலேயே ஏறியது. இத்தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைச் செலுத்துவோரிடம் இவரை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டே துண்டு. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டித் தொழிலாளியை எடுத்துக்கொள்ளும். பேச்சில் அது கடன் மாற்று. நடப்பில் ஆள் மாற்று. 1921இல்தான் அம்முறை சட்டத்தால் தடை செய்யப்பட்டது. மண்டபம் வழியாகக் கடல் கடந்தவர் கழுத்தில், மாவட்ட எழுத்தும் தோட்ட எண்ணும் ஆள் எண்ணும் பொறித்த தகரத் துண்டு தொங்கிய காலமும் அதுவே. பெயரைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. எண் போதுமானதாக இருந்தது.

நாவலில் ராக்சிக்கும் ஒரு சீட்டு உண்டு. பெர்சி டிரிஸ்கல் சாகும்போது அவளுக்கு விடுதலை எழுதி வைக்கிறார். எட்டாண்டுகள் நீராவிக் கப்பலில் பணிப்பெண்ணாக உழைத்து அவள் சேர்த்த 400 டாலர், வங்கி முழுகியதில் முழுகிப்போகிறது. ஊர் திரும்புகிறாள். மகனோ சூதாட்டக் கடனில் கழுத்தளவு நிற்கிறான். என்னை மீண்டும் விற்று உன் கடனைத் தீர், ஓராண்டில் மீட்டுக்கொள் என்று தாயே முன்வருகிறாள். கீழே விற்பதில்லை என்று வாக்களித்த மகன் பொய்ப் பத்திரம் எழுதி, அவளை அர்க்கன்சாஸ் பருத்தித் தோட்டக்காரனுக்கு, கீழேதான், விற்கிறான். குழந்தையை ஆற்றுக்குக் கீழே போகாமல் காக்கச் சட்டையை மாற்றியவளைக் கீழே அனுப்புவது அந்தக் குழந்தை. கதையின் திருப்பத்துக்காக மட்டும் செய்த சூழ்ச்சியாக இதை வாசிக்கலாகாது. எசமான வர்க்கத்தில் சேர்க்கப்பட்டவன் அந்த வர்க்கத்தின் கணக்குப்படியே தாயையும் பார்க்கிறான். அந்தக் கணக்கில் அவள் 600 டாலர்.

விரல் யாருக்குச் சாட்சி?

களிமண் மண்டை வில்சனுக்கு ஒரு பொழுதுபோக்கு. ஊரார் விரல் ரேகைகளைக் கண்ணாடித் தகடுகளில் பதித்து, பெயரும் தேதியும் எழுதிச் சேர்ப்பது. ராக்சி மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அவ்விரு குழந்தைகளின் ரேகைகளும் அவரிடம் இருக்கின்றன. டாம் தன் பெரியப்பாவான நீதிபதியைக் கொன்று, பழி இத்தாலியிலிருந்து வந்த இரட்டையர்மேல் விழும்போது, வில்சன் நீதிமன்றத்தில் தகடுகளை விரித்து உண்மையை மெய்ப்பிக்கிறார். ஊர் ஆர்ப்பரிக்கிறது, பட்டப்பெயர் உதிர்கிறது.

1892இல் வெளியான பிரான்சிஸ் கால்டனின் விரல் ரேகை நூலிலிருந்து ட்வைன் இதை எடுத்துக்கொண்டார். கால்டனுக்கு அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது? வங்காளத்திலிருந்து. 1858இல் ஜங்கிப்பூரில், சாலைக்குப் பொருள் தர ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கையை ஆவணத்தில் பதிக்கச் செய்தார் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி. கையெழுத்தை மறுப்பவன் கையையே மறுக்க முடியாது என்பது அவர் கணக்கு. 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பிரிவு முறைப்படி இயங்கத் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உழைத்து வடித்தவர்கள் அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்தியர். பெயர் பெற்றவர் அவர்களுடைய அதிகாரி எட்வர்ட் ஹென்றி. இங்கும் ஓர் ஆள்மாறாட்டம்.

அடுத்து வருவது ட்வைன் எழுதியிருந்தால் மிகை என்று தோன்றியிருக்கும். அப்பிரிவு துலக்கிய முதல் பெரிய வழக்கு ஒரு தேயிலைத் தோட்டத்து வழக்கு. ஜல்பாய்குரி மாவட்டத்தில் தோட்ட மேலாளர் கழுத்தறுபட்டுக் கிடந்தார், பெட்டி உடைக்கப்பட்டிருந்தது. மேலாளர் வேலையில் கெடுபிடி செய்பவர் ஆதலால் ஐயம் முதலில் கூலிகள்மேல் பாய்ந்தது. பெட்டிக்குள் கிடந்த வங்காளிப் பஞ்சாங்கத்தின் அட்டையில் இரத்தக் கறை படிந்த பெருவிரல் பதிவு இருந்தது. அது, முன்பு திருட்டுக்காகத் தண்டிக்கப்பட்ட பழைய வேலையாள் ஒருவருடையது என்று கல்கத்தா கண்டறிந்தது. 1898இல் நீதிமன்றம் அவரைத் திருட்டுக்குத் தண்டித்து, நேரில் கண்ட சாட்சி இல்லையென்று கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்த வழக்கில் ரேகை தோட்டத் தொழிலாளரைப் பொய்ப் பழியிலிருந்து காத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அறிவியல் தன்னளவில் எவர் பக்கமும் இல்லை.

ஆனால் அது யார் கையில் இருக்கிறது என்பது வேறு செய்தி. குமுளி மலையிறங்கிக் கம்பம், தேனி கடந்து உசிலம்பட்டிப் பக்கம் போனால், குற்றப் பரம்பரைச் சட்டத்திற்கு மக்கள் வைத்த பெயர் இன்றும் நினைவில் இருக்கிறது: கைரேகைச் சட்டம். குற்றம் எதுவும் செய்யாமலே, பிறந்த சாதிக்காக, ஊர் ஊராக ஆண்களின் ரேகை எடுக்கப்பட்டது. பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை தர மறுத்தபோது, 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் உள்ளிட்ட பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீங்கியது. வில்சனின் கண்ணாடித் தகடு ஒரு கொலைகாரனைத் தேடியது. இந்தச் சட்டம் ஒரு சாதியையே கொலைகாரர் பட்டியலில் எழுதிவிட்டுப் பிறகு தேடத் தொடங்கியது.

நாவலின் முடிவுக்கு வருவோம். கொலைகாரன் டாமுக்கு ஆயுள் தண்டனை. உடனே பெர்சி டிரிஸ்கலுக்குக் கடன் கொடுத்திருந்தவர்கள் ஓடி வருகிறார்கள். இவன் உண்மையில் அடிமை. ஆகவே எசமான் இறந்தபோதே சொத்துப் பட்டியலில் இவனைச் சேர்த்திருக்க வேண்டும். அந்தப் பிழையால் எங்களுக்கு இழப்பு. சொத்தைச் சிறையில் அடைத்தால் யாருக்குப் பயன்? வாதம் குற்றமற்றது என்று அனைவரும் ஏற்கிறார்கள். ஆளுநர் மன்னிப்பு வழங்குகிறார். கடன்காரர்கள் டாமை ஆற்றுக்குக் கீழே விற்கிறார்கள். வெள்ளைக் கொலைகாரனுக்குச் சிறை, கறுப்புக் கொலைகாரனுக்கு விலை. விரல் ரேகை உண்மையைச் சொன்னது. உண்மையின் பலனைச் சொத்துரிமை எடுத்துக்கொண்டது.

உண்மையான வாரிசோ இருபது ஆண்டுகளுக்கு மேல் அடிமையாக வாழ்ந்தவன். எழுதப் படிக்கத் தெரியாது. பேச்சு அடிமைச் சேரிப் பேச்சு. நடையும் சிரிப்பும் அவ்வாறே. வெள்ளையர் கூடத்தில் அவனுக்கு நடுக்கம், சமையலறையில்தான் மூச்சு. தேவாலயத்தில் குடும்பத்துக்குரிய இருக்கையில் அமர முடியவில்லை. கறுப்பருக்கு ஒதுக்கிய மாடத்துக்குத் திரும்பிப் போகவும் இனி அனுமதியில்லை. ட்வைன் அவன் கதையை அத்தோடு நிறுத்திவிடுகிறார்.

ஏலப்பாறையில் அந்த இருக்கையும் மாடமும் எவையென்று கேட்டால், இரு பட்டியல்களைக் காட்டலாம். கம்பத்தில் தங்கிவிட்ட அண்ணன், ஏலப்பாறைத் தோட்டத்துக்கு வந்த தம்பி என இருவரை வைத்துக்கொள்வோம். ஒரே தாய் வயிறு, ஒரே சாதி. பள்ளர், பறையர், சக்கிலியர் என்னும் பெயர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் உள்ளன, கேரளப் பட்டியலிலும் உள்ளன. ஆயினும் பட்டியல் சாதிக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10ஆம் நாளன்று குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்தது என்பதே கேள்வி. அன்று கேரளம் என்றொரு மாநிலமே இல்லை. பீர்மேடு திரு-கொச்சியிலும் கம்பம் சென்னை மாநிலத்திலும் இருந்தன. தம்பி அந்தத் தேதிக்குப் பின் மலையேறியிருந்தால், அல்லது முன்பே ஏறியும் அதை மெய்ப்பிக்க முடியாவிட்டால், அவர் பேரப்பிள்ளைகளுக்குக் கேரளத்தில் பட்டியல் சாதிக்குரிய உரிமை கிடையாது. மாநிலம் மாறினால் பட்டியல் சாதித் தகுதி கூடவே வராது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. பூர்விக மாநிலத்தில் உரிமை இருக்கிறதே என்பார்கள். ஏலப்பாறையில் பிறந்து, ஏலப்பாறைப் பள்ளியில் படித்து, இங்கேயே வாக்களிக்கும் பிள்ளை, தான் வாழாத மாநிலத்தின் வாசலில் போய் எந்தப் பலனைக் கேட்பது? அங்கே போனால் கேரளத்துக்காரர். இங்கே தமிழர். சாதி இழிவு மட்டும் சோதனைச் சாவடியில் தடைபடாமல் கூடவே மலையேறி வந்துவிடுகிறது. அதற்கு 1950 என்ற கெடு இல்லை.

சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே இந்த முள்ளில் சிக்கியதை அனைவரும் அறிவர். 2021இல் தேவிகுளம் தனித்தொகுதியில் வென்ற ஆ. ராஜாவின் தேர்தலை, அவர் கேரளத்தின் பட்டியல் சாதியினர் அல்லர் எனக் கூறி 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. முன்னோர் 1950க்கு முன்பே தோட்டத்தில் குடியேறினரா என்பதும் அவ்வழக்கில் அலசப்பட்டது. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி அவர் வெற்றியை உறுதி செய்தது. கட்சியும் வழக்கறிஞர்களும் துணை நின்ற ஒருவர் தாம் யாரென்று மெய்ப்பிக்க ஈராண்டுக்கு மேல் உச்ச நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது. கொழுந்து கிள்ளும் பெண் தன் மகளுக்கு ஒரு சான்றிதழ் வாங்க எத்தனை ஆண்டு நிற்க வேண்டும்?

மெய்ப்பிப்பதற்கு அவரிடம் என்ன இருக்கிறது? நிலம் இல்லை, ஆகவே பட்டா இல்லை. குடியிருந்த லயம் கம்பெனிக்குச் சொந்தம். அதில் வீட்டு வரி ரசீது தொழிலாளி பெயரில் வராது. பாட்டன் பெயர் இருந்த ஒரே இடம் தோட்டத்துச் செக்ரோல். அதிலும் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதியதே பெயர். முனியாண்டி ஓர் ஏட்டில் முனியன். மற்றோர் ஏட்டில் மலையாள எழுத்தில் வேறொருவர். பெயர் மாறினால் ஆளே மாறிவிடுகிறார், சட்டை மாற்ற ராக்சி யாரும் தேவையில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டிய விலை வீழ்ச்சியில் பீர்மேடு வட்டத்தில் தோட்டங்கள் மூடப்பட்டபோது கூலியும் பணிக்கொடையும் மட்டும் நின்றுபோகவில்லை. அலுவலகம் பூட்டப்பட்டால் ஏடும் பூட்டப்படுகிறது. இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடம் தகப்பன், பாட்டன் பிறப்புக்குச் சான்று கேட்டே அவர்களை நாடற்றோராக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகளும் பங்கு பிரித்துக்கொண்டன. காகிதம் கேட்பவருக்கு, அந்தக் காகிதம் யாரிடம் இருக்க முடியாது என்பது எப்போதும் நன்றாகத் தெரிந்தே இருக்கிறது.

இப்போது காகிதத்தோடு விரலும் கேட்கப்படுகிறது. நாற்பதாண்டு கொழுந்து கிள்ளிக் கறையேறிய விரலை, கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த விரலை, ரேஷன் கடை இயந்திரத்தின் கண்ணாடியில் வைத்தால் பல நேரம் அது இல்லையென்கிறது. ரேகை பிறப்பு முதல் இறப்பு வரை மாறாதது என்று வில்சன் நீதிமன்றத்தில் முழங்கினார். அவர் சேகரித்த விரல்கள் தேயிலை கிள்ளியதில்லை. இயந்திரம் மறுத்தால் கண்மணிப் பதிவு, அதுவும் மறுத்தால் அதிகாரியின் ஒப்புதல் என்று விதி மாற்று வழிகள் சொல்கிறது. அந்த விதியைக் கடைக்காரருக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் உடன் போக வேண்டியிருக்கிறது. பல இடங்களில் அப்படிப் போகிறவர் தொழிற்சங்கத் தோழர்தான்.

சான்றிதழ் விசாரணைக்கு வரும் வருவாய்த் துறை அலுவலரிடம் வைக்கத் தக்கவை சில இன்னும் மிஞ்சியிருக்கின்றன. வருங்கால வைப்பு நிதிக் கணக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே தொடங்குகிறது. அது 1950ஐத் தொடாது, ஆனால் முதல் பதிவிலேயே ஒருவர் நடுவயதினராக இருந்தால் அதற்கு முந்திய வாழ்வுக்கு அது கை காட்டும். தேவாலய ஞானஸ்நான ஏடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தோட்ட மருத்துவமனைப் பிறப்புக் குறிப்பு, பழைய சங்க உறுப்பினர் சந்தா ரசீது என்று ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடித் தகடுதான். மூடிய தோட்டங்களின் செக்ரோல்களை அரசு கைப்பற்றித் தாலுகா அலுவலகத்தில் வைக்க வேண்டும், அதிலுள்ள பதிவைச் சான்றாக ஏற்க வேண்டும், எழுத்துப் பிழையைத் திருத்தும் பொறுப்பு பிழை செய்த நிர்வாகத்தின் வாரிசுகளைச் சேர வேண்டும், பாட்டனை இழந்த பேத்தியைச் சேரக் கூடாது. இக்கோரிக்கைகளை எழுதும்போது ஒவ்வொரு லயத்திலும் எண்பது வயது கடந்தவர்கள் எவரெவர் என்று முதலில் கேட்டு, அவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியோடு, எந்தப் பாதையில் மலையேறினார்கள் என்பதைத் தேதியும் கையொப்பமும் இட்டு எழுதி வாங்குவது நல்லது. அவர்களுக்குக் கையெழுத்திடத் தெரியாவிட்டால் பெருவிரலே போதும்.